மூன்றாவது சிவப்பு

2043 ஜூன் 15, திங்கள்.

இன்று ஒரு பிழை செய்தேன். சிறியதுதான், ஆனாலும் என்னுடையது. ஆணையர் ஒப்பந்த வாசிப்பை முடித்ததும் அவர் மணிக்கட்டிலிருந்து மானியைக் கழற்ற மறந்துவிட்டேன். அவர் காபி குடித்து, என்னோடு பேசி, எழுந்து போகிறவரை அது ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. வாசிப்பு நேரத்துக்கு வெளியே பதிவானதை அன்றைக்கே அழித்துவிட வேண்டும் என்பது விதி. அழிக்கவில்லை. வகுப்புக்கு நேரமாகிவிட்டது என்று காரணம் எழுதலாம். அது பாதிதான் உண்மை.

இவ்வளவையும் எழுதிவிட்டு நித்திலன் நோட்டை மூடினான். மாலை நேரச் சட்ட வகுப்பில் பேராசிரியர் இன்னும் வரவில்லை. பின்வரிசையில் இரண்டு பேர் சமோசா தின்றுகொண்டிருந்தார்கள். உரிமையியல் நடைமுறைச் சட்டப் புத்தகத்தை எதிரே விரித்து வைத்துக்கொண்டு அவன் பகலில் நடந்ததையே திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருந்தான். மீதிப் பாதி உண்மை, அந்தப் பதிவை அவன் பார்த்துவிட்டான் என்பது.

பகலில் அவன் நிதி நுகர்வோர் ஆணையத்தில் மானி இயக்குபவன். தமிழ்நாட்டில் யார் கடன் வாங்கினாலும், காப்பீடு எடுத்தாலும், கடைக்கு வாடகை ஒப்பந்தம் போட்டாலும், கையெழுத்துக்கு முன்னால் புரிதல் மானியைக் கட்டிக்கொண்டு அந்த ஒப்பந்தத்தை வாசிக்கக் கேட்க வேண்டும். கைக்கடிகாரம் போல ஒரு பட்டை, கண்ணெதிரே நகத்தளவில் ஒரு கேமரா. நாடித் துடிப்பு, தோலின் ஈரம், கண்மணி விரிந்து சுருங்குவது எல்லாவற்றையும் பார்த்து, கேட்பவருக்குப் புரிந்ததா இல்லையா என்று அது சொல்லும். பச்சை எரிந்தால் கையெழுத்துப் போடலாம். சிவப்பு எரிந்தால் ஒரு வாரம் கழித்து மறுபடியும் வர வேண்டும். மூன்று முறையும் சிவப்பு என்றால் பெயர் தானாகவே காப்புப் பட்டியலுக்குப் போய்விடும். அதன் பிறகு ஐந்து வருஷத்துக்கு அவர் எந்த ஒப்பந்தத்திலும் தன் கையால் கையெழுத்துப் போட முடியாது. நெருங்கிய உறவினர் ஒருவர் காப்பாளராகி அவருக்காகப் போடுவார்.

இந்த விதியை எழுதியவர் ஆணையர் ஜெசிந்தா பர்னாந்து. இன்று காலை அதே ஜெசிந்தா பர்னாந்துக்குச் சிவப்பு எரிந்தது.

ஆகஸ்டில் அவருக்கு ஓய்வு. கல்யாணம் செய்துகொள்ளாதவர், கூடவே இருந்து பார்க்க ஆளில்லை. அதனால் பராமரிப்பு ஒப்பந்தம் ஒன்று போட நினைத்தார். ஓய்வூதியத்தில் ஒரு பகுதியை ஒரு நிறுவனத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டால், கடைசிவரை மருத்துவமும் கவனிப்பும் அவர்கள் பொறுப்பு. தன் அறையிலேயே வாசிப்பை முடித்திருக்கலாம். ஆனால் கீழே இறங்கி வந்து, டோக்கன் எடுத்து, எல்லோரோடும் நாற்காலியில் உட்கார்ந்து காத்திருந்தார். ஒப்பந்தம் முழுவதையும் கண்ணை மூடாமல் கேட்டார். சிவப்பு எரிந்ததும் நித்திலனுக்குத்தான் வியர்த்தது.

"மிஷின்ல ஏதோ கோளாறு மேடம். வேற எடுத்துட்டு வரேன்."

"எதுக்கு? உனக்கு ஒரு சட்டம் எனக்கு ஒரு சட்டமா? சிவப்புன்னா சிவப்புதான்." அவர் சிரித்தார். "இந்த ஆபீஸ்ல நான் ஃபெயிலானது இதுதான் முதல் தடவ. ஒரு காபி சொல்லு."

காபி வந்தது. அவனுக்கு என்ன பேசுவதென்று தெரியவில்லை. "எந்தப் பிரிவு மேடம் புரியல?" என்று கேட்டுவிட்டான். கேட்ட பிறகுதான் அது எவ்வளவு அசட்டுக் கேள்வி என்று உறைத்தது.

"புரியலையா? பதினாலாம் பிரிவோட மாதிரி வாசகத்த எழுதிக் கொடுத்ததே நான்தான்ப்பா." அவர் கோப்பையை மேசையில் வைத்தார். "எனக்கு நினைவு தப்பிடுச்சுன்னு ரெண்டு டாக்டர் எழுதிக் கொடுத்தா, நான் எங்க இருக்கணும்னு கம்பெனி முடிவு பண்ணும். வீட்ட விட்டுக் கூட்டிட்டுப் போலாம். நான் வரமாட்டேன்னு சொன்னா அந்தச் சொல்லுக்கு மதிப்பு கிடையாது. ஏன்னா அது நினைவு தப்புனவ சொல்ற சொல்லு. எங்கம்மா கடைசி ரெண்டு வருஷம் என் முகத்தப் பாத்து, 'நீங்க யாரும்மா, எம் மவளக் கூப்பிடுங்க'ன்னு கேட்டுட்டே இருந்தா. எனக்கு அந்தப் பிரிவு மனப்பாடம்."

பேச்சை மாற்ற வேண்டுமே என்று நித்திலன் தன் தம்பியைப் பற்றி ஆரம்பித்தான். அவன் விண்கல் சுரங்கப் பங்குகளை, அதுவும் இன்னும் தோண்டவே ஆரம்பிக்காத விண்கல்லின் பங்குகளை, முன்கூட்டியே விற்றுப் பிறகு வாங்குகிறானாம். வாங்கியதை அடமானம் வைத்து இன்னொரு விண்கல். நித்திலன் படம் வரைந்தெல்லாம் விளக்கினான். அவர் கன்னத்தில் கைவைத்துக் கேட்டார்.

"நீ சொன்னதுல ஒரு எழவும் புரியலப்பா. ஆனா கேக்க நல்லாருக்கு," என்று சொல்லிவிட்டு எழுந்தார். அப்போதுதான் அவர் கையில் பட்டை இருப்பதை இருவரும் கவனித்தார்கள்.

நித்திலன் பார்த்த பதிவில், பதினாலாம் பிரிவை அவர் எடுத்துச் சொன்ன இடம் முழுக்க அடர் சிவப்பு. அம்மாவைப் பற்றிச் சொன்ன இடத்தில் கோடு அடிமட்டத்துக்கு இறங்கியிருந்தது. விண்கல் கதை தொடங்கியதும் அது மெல்ல ஏறி, "ஒரு எழவும் புரியல" என்று சொன்ன இடத்தில் நல்ல பச்சையாக நின்றது.

மறுநாள் காலை அவர் அறைக்குப் போகுமுன் இரண்டு முறை படியேறி இறங்கினான். தான் தப்பாகப் பார்த்திருக்கலாம். நேரக் குறிப்பு முன்பின் மாறியிருக்கலாம். மறுபடி சரிபார்த்தான். மாறவில்லை. உள்ளே போய்ப் பிழையை முதலில் சொன்னான், பிறகு பதிவைக் காட்டினான். ஜெசிந்தா கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் திரையை மிக அருகில் வைத்துப் பார்த்தார். கோபப்படவில்லை. தொழில்நுட்ப உறுப்பினர் முத்துவேலை வரச் சொன்னார்.

முத்துவேல் மானியை உருவாக்கிய குழுவின் தலைவராக இருந்தவர். வெள்ளைச் சட்டை, எப்போதும் நிதானம். பதிவைப் பார்த்துவிட்டு, "சுவாரஸ்யமா இருக்கு மேடம்," என்றார்.

"இந்த மிஷினுக்கு யார வெச்சுக் கத்துக் கொடுத்தீங்க, முத்துவேல்?"

"காலேஜ் பிள்ளைங்க. நாலாயிரம் பேர். அறிக்கையிலயே இருக்கே."

"அவங்க என்ன ஒப்பந்தம் படிச்சாங்க?"

"மாதிரி ஒப்பந்தங்கள். வீட்டுக் கடன், ஆயுள் காப்பீடு..."

"வீடு வாங்குனாங்களா?"

"இல்லையே. பரிசோதனைதானே. படிச்சாங்க, கேள்விக்குப் பதில் எழுதுனாங்க, சாப்பாடு போட்டு அனுப்பிட்டோம்."

"சாப்பாடு நல்லாருந்துச்சா?"

முத்துவேல் விழித்தார்.

"இல்ல, இழக்கறதுக்கு ஒண்ணும் இல்லாம சாப்பாட்டுக்குக் காத்துட்டிருந்த பிள்ளைங்க. அவங்களுக்குப் புரிஞ்சப்போ மனசு குளத்துத் தண்ணி மாதிரி இருந்திருக்கும். அந்த அமைதியத்தான் புரிதல்னு நாம மிஷினுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கோம். நிஜ வீட்ட அடமானம் வைக்கறவனுக்கு நிஜமாப் புரிஞ்சா வயித்தக் கலக்கும். அத நம்ம மிஷின் என்னன்னு எழுதும்?"

"ஒரே ஒரு பதிவ வெச்சு இவ்வளவு தூரம் போக முடியாது மேடம். அதுவும் விதிக்குப் புறம்பா எடுத்தது." அவர் நித்திலனைப் பார்த்தார். அந்தப் பார்வையில் நித்திலனுக்கு ஒரு விளக்கக் கடிதத்தின் முதல் வரி தெரிந்தது. பிறகு முத்துவேல் குரலைத் தணித்துக்கொண்டார். "உங்க அடுத்த வாசிப்புக்கு முன்னாடி ஒரு மாத்திரை போட்டுக்குங்க. படபடப்புக்குக் கொடுப்பாங்களே, அதுதான். பச்சை வந்துரும். வெளிய ஏஜென்ட்டுங்க எல்லாரும் வாசல்லயே தண்ணி பாட்டிலோட இந்த மாத்திரைய வெச்சிட்டு நிக்கறாங்களே, உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியாது," என்றார் ஜெசிந்தா.

முத்துவேல் போன பிறகும் ஜெசிந்தா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். "மாத்திரைய யாருக்குக் கொடுப்பான் ஏஜென்ட்? எவன்கிட்ட விக்கணுமோ அவனுக்குக் கொடுப்பான். அப்ப நம்ம மிஷின் யாரத் தடுத்துட்டு இருக்கு?"

ஜெசிந்தாவைப் பற்றி அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரிந்த கதை ஒன்று உண்டு. தூத்துக்குடி நீதிமன்றத்தில் அவர் கறுப்பு அங்கி போட்டுக்கொண்ட இரண்டாம் வருஷம், தோணியில் போய்த் திரும்பாத ஒருவரின் மனைவிக்காக ஆஜரானார். வைப்புத்தொகை என்று நினைத்து அந்தப் பெண் முப்பது வருஷக் காப்பீட்டுத் திட்டம் ஒன்றில் கையெழுத்துப் போட்டிருந்தார். எட்டுப் பக்கம், எல்லாம் ஆங்கிலம். கையெழுத்துப் போட்டவருக்கு விஷயம் புரிந்தது என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும் என்று சொல்லி நீதிபதி வழக்கைத் தள்ளிவிட்டார். அதன் பிறகு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் அவர் ஜெயித்த வழக்குகள் எத்தனையோ. தோற்ற இந்த ஒன்றைத்தான் எல்லாக் கூட்டத்திலும் சொல்வார். அரசு அவரை ஆணையத்துக்கு அழைத்தபோது, வக்கீலாக ஒவ்வொருவராகக் காப்பாற்றியது போதும், ஒரே விதியில் எல்லோரையும் காப்பாற்றலாம் என்று வந்தார். விதி வந்த முதல் வருஷம் மோசடித் திட்டங்கள் பாதிக்குமேல் காணாமல் போயின. நன்றி சொல்ல பஸ் பிடித்து வந்து பூந்திப் பொட்டலம் கொடுத்துவிட்டுப் போனவர்களை நித்திலனே பார்த்திருக்கிறான். அது பொய்யில்லை. அதனால்தான் அந்த அறையில் நிற்பது அவனுக்கு அவ்வளவு சங்கடமாக இருந்தது.

"காப்புப் பட்டியல்ல மொத்தம் எத்தன பேரு?" என்று கேட்டார்.

"பதினோரு லட்சம் மேடம்."

"மேல்முறையீடு?"

அவன் தேடிப் பார்த்தான். வேறு சொற்களைப் போட்டும் தேடினான். "ஒண்ணும் இல்ல."

"இதையே ஒவ்வொரு வருஷமும் மேடையில பெருமையாச் சொன்னேன். ஆறு வருஷமா ஒரு புகார்கூட இல்லைன்னு." அவர் எழுந்து கைப்பையை எடுத்தார். "பதினோரு லட்சம் பேர்ல ஒருத்தருக்குக்கூடக் கோவம் வரலையா? வா, ஒருத்தரப் பாத்துட்டு வருவோம். பக்கத்துல யார் இருக்கா பாரு."

பெரம்பூரில் ராஹிலா என்ற பெயர் கிடைத்தது. நாலு நாற்காலி போட்ட அழகு நிலையம். அவர்கள் நுழைந்தபோது ராஹிலா நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு ஒரு கல்லூரிப் பெண்ணுக்குப் புருவம் திருத்திக்கொண்டிருந்தார். ஜெசிந்தா, தான் ஆணையத்திலிருந்து வருவதாகச் சொன்னார்.

"ஆணையமா?" நூல் பல்லிலேயே இருந்தது. "இன்னும் என்ன பாக்கி இருக்கு புடுங்க? புருவம்தான் இருக்கு. அத நானே புடுங்கிக்கறேன்."

கல்லூரிப் பெண் சிரித்து, கண்ணில் நீர் வந்து, "அக்கா, ஆடாதீங்க," என்றாள்.

"நீ ஆடாத. நான் ஆடல." ராஹிலா நூலை எடுத்துவிட்டு ஜெசிந்தாவைப் பார்த்தார். "உக்காருங்க. நின்னுட்டே கேட்டா எனக்கு இன்னும் கோவம் வரும்."

கடையைப் பெரிதாக்கப் பக்கத்து அறையையும் எடுக்க நினைத்ததாகச் சொன்னார். மூன்று முறை போனார், மூன்று முறையும் சிவப்பு. "வாடக நின்னா கடை போயிடும்னு வாசிக்கும்போதெல்லாம் எனக்குக் கை நடுங்கும். இருக்காதா? வீட்டுக்காரர் போனதுலேர்ந்து எம் பிள்ளைங்க சாப்பாடு இந்தக் கடைதான். உங்க மிஷின் எனக்குப் புரியலன்னு எழுதிடுச்சு. இப்ப என் மச்சான்தான் காப்பாளர். வீட்டுக்காரரோட அண்ணன். வெளிய போர்டு பாத்தீங்களா? ராஹிலான்னு இருந்த இடத்துல அவர் பொண்ணு பேர் இருக்கு. காப்பாத்தறாராம்."

"ஏன்மா புகார் கொடுக்கல?"

"கொடுக்கலையா? வக்கீலப் பாத்தேன். நல்ல மனுஷன், கேஸ் நிக்கும்னு சொன்னாரு. வக்காலத்துல கையெழுத்துப் போடுங்கன்னாரு. பேனா எடுத்தப்புறம் கம்ப்யூட்டர்ல என் பேரத் தட்டிப் பாத்தாரு. மூஞ்சி மாறிடுச்சு. வக்கீல் வைக்கறதும் ஒப்பந்தம்தானாம், பீஸ் வருதில்ல. பட்டியல்ல இருக்கறவங்க போட முடியாது, காப்பாளரக் கூட்டிட்டு வாங்கன்னாரு." ராஹிலா நூலை மறுபடியும் விரலில் சுற்றினார். "காப்பாளர் யாரு? மச்சான். நான் கேஸ் போட நெனச்சது யார் மேல? மச்சான் மேல. கூட்டிட்டு வரவா?"

ஜெசிந்தாவின் முகம் எதிரே இருந்த மூன்று கண்ணாடிகளிலும் தெரிந்தது. எதில் பார்ப்பது என்று தெரியாமல் நித்திலன் தரையைப் பார்த்தான். கிளம்பும்போது அவர் தன் பெயரைச் சொன்னார். இந்த விதியை எழுதியது தான்தான் என்றும் சொன்னார். ராஹிலா விரலில் சுற்றிய நூலைக் கழற்றிவிட்டு, "நீங்க நல்லவங்க மாதிரிதான் இருக்கீங்க. அதான் கஷ்டம்," என்றார்.

இரண்டாவது வாசிப்பிலும் சிவப்பு. அந்த வாரமே ஆணையக் கூட்டத்தில் விதியை நிறுத்திவைக்க வேண்டும் என்று ஜெசிந்தா தீர்மானம் கொண்டுவந்தார். பதிவைப் போட்டுக் காட்டினார். ஐந்து உறுப்பினர்களில் நாலு பேர் எதிர்த்தார்கள். அவர்களும் கெட்டவர்கள் இல்லை, முதல் வருஷத்துப் பூந்தியை அவர்களும் தின்றவர்கள்தான். ஆறு வருஷமாக ஒரு புகார்கூட வராத விதியை, ஆணையருக்கே சிவப்பு வந்த வாரத்தில் நிறுத்தினால் ஊர் என்ன பேசும் என்றார் ஒருவர். புகார் வர வழியே இல்லை என்று ஜெசிந்தா வக்காலத்துச் சிக்கலை விளக்கினார். அதற்கு ஒரு துணைக்குழு போடலாம் என்றார்கள். துணைக்குழு அறிக்கைக்கு ஒரு வருஷம். அதற்குள் அவர் ஓய்வு பெற்றிருப்பார். நித்திலனுக்கு விளக்கக் கடிதம் கேட்டு ஓலை வந்தது.

மூன்றாவது வாசிப்பு ஜூன் இருபத்தொன்பது. வர வேண்டாம், ஒப்பந்தமே வேண்டாம் என்று விலகிவிடுங்கள் என்று நித்திலன் அவரிடம் சொல்லிப் பார்த்தான். வராமல் இருந்தால் மூன்றாவது சிவப்பும் இல்லை, பட்டியலும் இல்லை. "வரேன்," என்று மட்டும் சொன்னார்.

டோக்கன் எடுத்து, காத்திருந்து, வந்து உட்கார்ந்தார். முத்துவேலும் வந்து சுவரோரம் நின்றார். மேசையில் ஒரு டம்ளர் தண்ணீரும் அதன் பக்கத்தில் ஒரு மாத்திரையும் இருந்தன. யார் வைத்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை. ஜெசிந்தா தண்ணீரை மட்டும் குடித்தார்.

பட்டையை எடுத்தபோது நித்திலனுக்கு ஒன்று தோன்றியது. இதை ஒரு ஓட்டை தளர்த்திக் கட்டினால் போதும். தோலில் சரியாக ஒட்டாது. 'பதிவு இல்லை' என்று வரும், வாசிப்பே செல்லாது. இன்னொரு வாரம் கிடைக்கும். பிழை என்று எழுதிக்கொள்ளலாம். அவனுக்குப் பிழை எழுதிப் பழக்கம்தான்.

"இறுக்கிக் கட்டு," என்றார் ஜெசிந்தா, அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே. "நழுவுது பாரு."

இறுக்கிக் கட்டினான். ஒப்பந்தம் ஓடியது. பதினாலாம் பிரிவு வந்தபோது அவர் கண்ணை எடுக்காமல் கேமராவையே பார்த்தார். அவர் உதடு அந்தப் பிரிவைச் சத்தமில்லாமல் கூடவே சொல்லிக்கொண்டிருந்தது. சிவப்பு எரிந்தது.

அதற்குப் பிறகு எல்லாம் தானாக நடந்தது. திரையில் அவர் பெயருக்குப் பக்கத்தில் 'காக்கப்படுபவர்' என்று வந்தது. காக்கப்படுபவர் ஆணையராக இருக்க முடியாது. இதுவும் அவர் எழுதிய விதிதான். பொறுப்பு முத்துவேலுக்கு மாறியது. முத்துவேல் ஏதோ சொல்ல வாயெடுத்து, கடைசியில், "மேடம், கார் இருக்கட்டும், வீட்டுல விடச் சொல்றேன்," என்றார். அவர் வேண்டாம் என்றார். மேலே போய்க் கைப்பையை எடுக்க முடியவில்லை, அவர் அட்டைக்கு இனி லிஃப்ட் திறக்காது. நித்திலன் ஓடிப்போய் எடுத்து வந்தான்.

வெளியே பேருந்து நிறுத்தத்துக் கூரையின் கீழ் இருவரும் நின்றபோது அவர் போன் அடித்தது. தூத்துக்குடியிலிருந்து அவர் தம்பி ஜெரால்டு. ஒலிபெருக்கியில் போட்டார், வாகன இரைச்சலில் காதில் வைத்தால் கேட்கவில்லை.

"ஏக்கா, என்னக்கா இது? எனக்கு மெசேஜ் வந்திருக்கு. உனக்கு நான் காப்பாளராம்ல."

"ஆமால."

"எனக்கு டவுசர் நாடா கட்டி விட்டவ நீ. நான் உனக்குக் கையெழுத்துப் போடவா? உனக்குப் பாத்த மாப்பிள்ளையையே வேண்டாம்னு சொன்னவளுக்கு?"

"நீ எதுலயும் போடாத ஜெரால்டு. யார் வந்து எதக் கொடுத்தாலும் கையெழுத்துப் போடாத. அதுதான் எனக்கு நீ பண்ற உதவி."

"சரி, போடல. காபிப்பொடிக்காவது போடட்டுமா?"

"அது கடன் இல்லல. கையில காசு கொடுத்து வாங்கிக்கிடுவேன்." சிரித்துக்கொண்டே வைத்தார். போனைக் கைப்பையில் போட்டு மூடினார்.

நித்திலனால் அடக்க முடியவில்லை. "ஏன் மேடம் வந்தீங்க? இன்னும் ஆறு வாரம் ஆணையரா இருந்திருக்கலாம். ஏதாவது பண்ணியிருக்கலாம்."

"என்ன பண்ணியிருக்கலாம்? நாலு கை அந்தப் பக்கம், ஒரு கை இந்தப் பக்கம்." அவர் கூரையின் இரும்புத் தூணில் சாய்ந்துகொண்டார். "சரி, நீ சொல்லு. வகுப்புக்கு ஒழுங்காப் போறியா இல்ல சமோசா திங்கத்தான் போறியான்னு பாக்கறேன். ஆணையர் தன் ஆணையத்து விதி மேலயே வழக்குப் போட முடியுமா?"

"முடியாது மேடம். பாதிக்கப்பட்டவங்கதான் போடணும்."

"யாரு பாதிக்கப்பட்டவங்க?"

"பட்டியல்ல இருக்கறவங்க. ஆனா அவங்களால வக்காலத்துல கையெழுத்து..."

"வக்கீல் வெச்சாத்தானப்பா வக்காலத்து?"

வழக்காடி தானே நேரில் ஆஜரானால் வக்காலத்து கிடையாது. வக்காலத்து இல்லையென்றால் ஒப்பந்தம் கிடையாது. ஒப்பந்தம் இல்லாத இடத்தில் மானிக்கு வேலை இல்லை. மூன்று வாரமாக அவன் விரித்து வைத்திருந்த புத்தகத்தில் இது இருந்தது. பக்க எண்கூட நினைவிருந்தது. யோசிக்கத்தான் இல்லை.

"யார் வேணும்னாலும் போயிருக்கலாமே மேடம். ராஹிலாகூட."

"போயிருக்கலாம். போலாம்னு சொல்ல யாரு இருந்தா? சொன்னாலும், உனக்குப் புரியாதுன்னு அரசாங்கமே முத்திரை குத்திக் கொடுத்தப்புறம், கோர்ட்டுல ஏறி நின்னு எனக்குப் புரியுதுன்னு எத்தன பேரால பேச முடியும்?" அவர் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டார். "பதினோரு லட்சம் பேர்ல, நின்னு பேசித் தொலைக்கற ஒருத்தி இன்னைக்குத்தான் சேந்திருக்கா."

பேருந்து ஒன்று வந்து நின்று, இருவரும் ஏறாததைப் பார்த்துவிட்டுக் கிளம்பியது.

"தோத்துட்டா?" என்று கேட்டான்.

"தோத்தா அஞ்சு வருஷம் இப்படியே இருக்கணும். அதுக்குள்ள எங்கம்மாவுக்கு வந்தது எனக்கு வந்துட்டா, ஜெரால்டு கையெழுத்துல எங்கயாவது ஒரு அறையில படுத்திருக்கணும். அவன் நல்லவன்தான். அவன் பசங்க எப்படின்னு தெரியாது."

"பயமா இல்லையா மேடம்?"

"இருக்கு. ராத்திரி தூக்கம் இல்ல." அவர் அவனைப் பார்த்தார். "நீ கூட வரணும்னு இல்ல. உன் மேல ஏற்கெனவே ஒரு கடிதம் நிக்குது. என்னோட கோர்ட்டுல நின்னா ரெண்டாவது வரும்."

இதை யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்வதுதான் அவன் வழக்கம். எதையும் ஒருமுறை எழுதிப் பார்க்காமல் அவன் முடிவு செய்ததில்லை. அன்று, "எத்தன மணிக்கு மேடம்?" என்று கேட்டான். கேட்ட பிறகு வயிற்றில் ஏதோ புரண்டது. அது போகும் என்று காத்திருந்தான். போகவில்லை.

அன்று மாலை வகுப்புக்குப் போனான். பேராசிரியர் வருமுன் நோட்டைத் திறந்து, நடந்ததைத் தேதியிட்டு எழுதினான். முத்துவேலைப் பற்றி எழுதிய ஒரு வரி அநியாயமாகப் பட்டது, அடித்துவிட்டு அவர் கார் தருவதாகச் சொன்னதையும் சேர்த்தான். தளர்த்திக் கட்ட நினைத்ததை எழுதலாமா வேண்டாமா என்று தயங்கி, எழுதினான். கடைசியில் ஒரு வரி விட்டு, நாளைய வேலையைக் குறித்தான்:

நாளை, செவ்வாய். உயர் நீதிமன்றத் தாக்கல் பிரிவு பத்தரைக்குத் திறக்கும். அலுவலகத்துக்கு அரைநாள் விடுப்பு எழுத வேண்டும், காரணத்தை உள்ளபடியே போட வேண்டும். மேடம் மனுவில் கையெழுத்துப் போட்டுக் கொண்டுவருவார். நீதிமன்றக் கட்டண வில்லைகளை என் பெயரில் நான் வாங்க வேண்டும். பட்டியலில் இருப்பதால் அவர் பெயருக்குக் கொடுக்க மாட்டார்கள்.